ஐந்தாவது போல்ட்

கலியமூர்த்தியைக் கலியமூர்த்தி அளவுக்கு வேறு யாராலும் கேலி பேச முடியாது. முப்பத்து மூன்று வருடம் சுரங்கத்து ஸ்டோர்ஸில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். "அங்க நான் செஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொன்னேன். மீதி நேரத்துல டீ குடிச்சேன்" என்பார். கேட்பவர்கள் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் பாதிதான் தன்னடக்கம். மற்ற பாதிக்கு டவுன்ஷிப் முழுக்கச் சாட்சிகள் இருக்கிறார்கள்.

சுரங்கத்தில் எது உடைந்தாலும் அதற்கு மாற்று ஸ்டோர்ஸிலிருந்துதான் போகவேண்டும். அதைக் கேட்க இண்டென்ட் என்று ஒரு படிவம். மூன்று நகல், ஆபீசர் கையெழுத்து, சாமானின் கோட் நம்பர், எண்ணிக்கை, கடைசியாக 'பர்ப்பஸ்', அதாவது எதற்காக என்று ஒரு கட்டம். இதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், கலியமூர்த்தியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். படிவத்தைத் திருப்பித் தள்ளுவார். பின்னால் ரேக்கில் அந்தச் சாமான் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். லஞ்சம் வாங்கியதில்லை, ஒரு ஆணியை வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. ரேக்கை விட்டு ஒரு பொருள் வெளியே போகிறது என்றால் அவருக்கு வயிற்றைப் பிசையும், அவ்வளவுதான்.

கம்மாபுரம் பக்கம் அவருடைய அப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. அது சுரங்கத்துக்குப் போயிற்று, அதற்காக வீட்டில் ஒருவருக்கு பெர்மனென்ட் வேலை வந்தது. "மூணு ஏக்கருக்கு ஒரு நாற்காலி. நெல்லு விளைஞ்ச எடத்துல நான் விளைஞ்சேன். மகசூல் கம்மிதான்" என்று அதையும் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு நாள் திடீரென்று ஒரு பழைய கார் வாங்கினார். 1954-ம் வருடத்து ஃபியட். சிதம்பரத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி. பம்பாயில் கட்டிய ஃபியட் இல்லை, இத்தாலியிலேயே கட்டிக் கப்பலில் வந்தது என்பதற்கு பானெட்டுக்கு உள்ளே ஒரு தகடு அடித்திருந்தது. அந்தத் தகட்டை அவர் தன் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லோருக்கும் காட்டினார். டவுன்ஷிப்பில் அப்போது எல்லோரும் தவணையில் புது மாருதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் வீட்டு வாசலுக்கு வண்டி லாரியில் வந்து இறங்கியது.

எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலீடு என்றார். மகள் நந்தினியிடம் இத்தாலிக்காரன் டிசைனே தனி என்றார். மனைவி திலகவதியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கொடி கட்டியிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். துணியை இனி எங்கே காயப்போடுவது என்று மட்டும் கேட்டாள்.

ஆறே மாதத்தில் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டார். கழற்றுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கோட் நம்பர் எழுதி, ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டோர்ஸ் மாதிரியே ஒரு இருப்பு அட்டை தொங்கவிட்டார். மொத்தம் அறுபத்தொரு பாட்டில். குவார்ட்டர்ஸின் பின்னறை குட்டி ஸ்டோர்ஸாகிவிட்டது. வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பாட்டில்கள் பளபளத்தன.

இங்கேதான் அவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தார். வேறு யாருக்கும் தோன்றாத முட்டாள்தனம், ஸ்டோர்ஸ்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று வருடம் யாரும் கேட்காத சாமான் 'நான்-மூவிங்'. ஒரு கமிட்டி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அது பழைய இரும்புக்குப் போய்விடும். மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி தன் அறுபத்தொரு அட்டைகளையும் எடுத்துப் பார்த்தார். நாற்பத்தேழாம் பாட்டிலில் நான்கு போல்ட். மூன்று வருடமாக ஒரு அசைவும் இல்லை. கை தானாகச் சிவப்பு மையில் 'நான்-மூவிங்' என்று எழுதிவிட்டது.

கமிட்டிக்கு மூன்று பேர் வேண்டும். கலியமூர்த்தி, திலகவதி, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நந்தினி.

"இது வண்டியோடதாச்சேங்க. வேணாமா?" என்றாள் திலகவதி.

"மூணு வருஷமா மூவ் ஆகல திலகா."

"வண்டியே மூவ் ஆகலியே."

"சாதா போல்ட்டுதான். வேணும்னா கடையில வாங்கிக்கலாம். கையெழுத்துப் போடு."

போட்டாள். மறுநாள் சைக்கிளில் வந்த பழைய இரும்புக்காரரிடம் ஒரு துருப்பிடித்த வாளியோடு சேர்ந்து அந்த நான்கு போல்ட்டும் போயின. நந்தினி இப்போது கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இன்றைக்கும் போனில் அப்பா எதையாவது காணோம் என்று புலம்பினால், "கமிட்டி போட்டீங்களாப்பா?" என்பாள்.

போன வருடம் ஐப்பசியில் கலியமூர்த்தி ரிடையர் ஆனார். மாலை, சால்வை, பிரியாணி எல்லாம் முறைப்படி நடந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஆறு மாதம் இருந்தது. திருவதிகையில் திலகவதிக்கு அவள் அப்பா எழுதி வைத்த மனையில் சிறியதாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். சாமான்களை ஏற்ற வேன் பேசவேண்டும் என்று பேச்சு வந்தபோது திலகவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த வண்டி தானா ஓடி வந்தா வரட்டும், கேட்டை நானே தெறந்து வுடறேன். லாரில ஏத்திகினு வந்தீங்கன்னா நேரா காயலாங்கடைக்குப் போவட்டும். அந்த வூட்டு வாசல்ல எனக்குத் துணி காயப் போடணும்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் போட்ட ஒரே நிபந்தனை அது. கலியமூர்த்தியால் அதில் ஒரு காலிக் கட்டமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறு மாதத்தில் மூன்று மாதம் நன்றாகவே போயிற்று. எஞ்சினை வடலூர் மெக்கானிக் ஒருவர் சேர்த்துக் கொடுத்தார். சீட்டு, பிரேக், விளக்கு எல்லாம் அந்தந்தப் பாட்டிலிலிருந்து ஒவ்வொன்றாக இடம் சேர்ந்தன. கடைசியில் எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு வந்தது. அதைப் பின்னால், பிளேஞ்ச் என்ற வட்டத் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது நான்கே நான்கு போல்ட். நாற்பத்தேழாம் பாட்டில்.

மந்தாரக்குப்பம் பஜாரில் ஹார்டுவேர் வைத்திருந்த பன்னீர்செல்வம், "போல்ட்டுதானே சார்" என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். கலியமூர்த்தி நான்கைப் பொறுக்கி எடுத்து மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை விட்டார். வண்டி நான்கு அடி பாய்ந்தது. கீழே ஏதோ டணார் டணார் என்றது. பக்கத்து வீட்டுச் செம்பருத்திச் செடிமேல் போய் நின்றது. தண்டு ஒரு பக்கம் தொங்கியது. இரண்டு போல்ட் கழுத்தோடு துண்டாகியிருந்தன. பிளாக்கே திரண்டு வந்து பார்த்தது. "நான்கு அடி ஓடியது" என்று அவர் நந்தினிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார், செம்பருத்தியைப் பற்றி எழுதாமல்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அது சாதா போல்ட் இல்லை. மரை நெருக்கமானது, கழுத்து ஓட்டைக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தவேண்டியது, எஃகும் வேறு. சென்னை புதுப்பேட்டைக்குப் போனார். பம்பாய் ஃபியட்டின் போல்ட் சாக்கு சாக்காக இருந்தது. அது இதில் நுழைந்து கடகடவென்று ஆடியது. கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இல்லை" என்றான். அந்தக் குரல் கலியமூர்த்திக்கு நன்றாகத் தெரிந்த குரல். இவ்வளவு நேர்த்தியாகத்தான் நானும் சொன்னேனா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பழைய ஃபியட்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து டூரின் நகரத்து ஆசாமி ஒருவரைப் பிடித்தார். ஒன்றரை மாதம் கழித்துப் பொட்டலம் வந்தது. வெல்வெட் பையில் நான்கு போல்ட், நகைக்கடையிலிருந்து வந்தது போல. ஓட்டைக்குள் போகவில்லை. ஓட்டையை அளந்து அனுப்பியது கலியமூர்த்திதான். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்திருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் பதினாறு நாள் இருந்தது.

"மந்தாரக்குப்பத்துல லேத் பட்டறை இருக்குதே, பழனிவேலோடது. இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர். அங்க ஏன் போவல?" என்றாள் திலகவதி.

அந்த லேத் இருக்கும் தெருவை இரண்டரை மாதமாகக் கலியமூர்த்தி சுற்றிக்கொண்டுதான் போய்வந்தார். பன்னீர்செல்வம் முதல் நாளே அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார். கோயம்புத்தூருக்கு ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து போக முடிந்தது, இத்தாலிக்கு எழுத முடிந்தது, ரெண்டு கிலோமீட்டர் போக முடியவில்லை.

பழனிவேலின் அம்மா வீராயி, கலியமூர்த்தி வீட்டு மூன்று ஏக்கரில் நடவு நட்டவர். நிலம் போனபோது நிலத்துக்காரருக்கு வேலை வந்தது, நடவு நட்டவர்களுக்கு நடவு போயிற்று. ஆகவே பழனிவேல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கன்வேயர் மூடி ஒன்றை முடுக்க நான்கு போல்ட் கேட்டு கவுன்டருக்கு வந்தான். ஆபீசர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார் கலியமூர்த்தி. சேற்றில் போய்க் கையெழுத்து வாங்கி வந்தான். பர்ப்பஸ் கட்டம் காலி என்று மறுபடியும் அனுப்பினார். எழுதிக்கொண்டு வந்தபோது மணி நாலாகி ஐந்து நிமிடம். கவுன்டர் நாலு மணிக்கு மூடியாகிவிட்டது. ரேக்கில் அந்த போல்ட் ஆயிரத்து இருநூறு இருந்தது. அன்றைக்கு வேலை முடியவில்லை என்று கான்ட்ராக்டர் மறுநாளிலிருந்து அவனை வரவேண்டாம் என்றுவிட்டார். அதைக் கலியமூர்த்தி ஒரு வாரம் கழித்துத்தான் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டபோது 'ரூல் ரூல்தானே' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். நடுவில் கார்பன் வைத்து மூன்று நகல். ஒரு சாமானை இன்னொருவரிடம் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஆபீசர் கையெழுத்து என்ற இடத்துக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனார்.

"திலகா, இதுல ஒரு கையெழுத்து."

"இன்னா, மறுபடியும் கமிட்டியா?"

"இல்ல, ஆபீசர்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, படித்துப் பார்த்துவிட்டே போட்டாள். பர்ப்பஸ் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எழுதத் தெரியாமல் விட்டதா, எழுத மனம் வராமல் விட்டதா என்று அவருக்கே தெரியவில்லை.

பழனிவேலின் பட்டறையில் ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், சுவரில் ஒரு கடிகாரம். பழனிவேல் நரைத்திருந்தான். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. கலியமூர்த்தி தாளை நீட்டினார். அவன் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து நிதானமாகப் படித்தான்.

"கையெழுத்து கீது. எண்ணிக்கை கீது. பர்ப்பஸ் காலியா கீதே சார்."

"அது... வண்டிக்குதாங்க."

அந்த 'ங்க' எங்கிருந்து வந்ததென்று கலியமூர்த்திக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆளிடம் அது வந்ததில்லை.

"எழுதிகினு வாங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பழனிவேல் லேத்தைப் போட்டான். இரும்புச் சுருள் விழ ஆரம்பித்தது.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். 'வாகனப் பராமரிப்பு' என்று எழுதி அடித்தார். 'பழங்கால இத்தாலிய வாகனத்தை மீட்டெடுத்தல்' என்று எழுதி, வெட்கப்பட்டு அதையும் அடித்தார். உண்மையைத்தான் எழுதவேண்டும் என்று பட்டது. ஆனால் உண்மை என்ன என்று இதுவரை அவர் தன்னிடம்கூடக் கேட்டதில்லை. முப்பத்து மூன்று வருடம் எல்லோரும் அவரிடம் வந்தார்கள், அவர் கையிலிருந்து வாங்கிப்போன சாமானால் எங்கேயோ எதுவோ ஓடியது. எது ஓடியது என்று அவர் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. அவர் ஓடவிட்டது என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓடாமல் நிறுத்தியது நிறைய. டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது, டீக்கடையில் அழுதால் நாளைக்கே பிளாக்குக்குச் சேதி போய்விடும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் சாய்த்து எழுதினார்: 'என் கையால் ஒன்றாவது ஓடுவதைப் பார்க்க.'

பழனிவேல் அதைப் படித்தான். சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு அந்த போல்ட்டு இருந்திச்சா சார்?"

"இருந்துச்சு. ஆயிரத்து இருநூறு இருந்துச்சு."

"தெரியும். ரேக்கு தெரிஞ்சிகினுதான் இருந்தது." லேத்தில் ஒட்டியிருந்த இரும்புச் சுருளைத் தட்டிவிட்டான். "வேலை போனதாலதான் லேத்து போட்டேன். அதுக்குன்னு உங்களுக்கு நன்றில்லாம் சொல்ல மாட்டேன்."

"வேணாம். நான் பண்ணது தப்புங்க, பழனிவேல்."

"ஓட்டை இருக்கற பிளேஞ்சக் கழட்டிக் கொண்டாங்க. ஓட்டையப் பாக்காம போல்ட்டு அடிக்க மாட்டேன். துருவச் சுரண்டிட்டுக் கொண்டாங்க. வெள்ளிக்கெழம வாங்க, நாலு மணிக்குள்ள."

வெள்ளிக்கிழமை கலியமூர்த்தி இரண்டரைக்கே போய் நின்றார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். நீலம் பாரித்த எஃகு, நெருக்கமான மரை. பிளேஞ்ச் ஓட்டையில் விட்டுப் பார்த்தார். விரலால் தள்ள மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. பிறகு வழக்கம்போல் எண்ணினார்.

"அஞ்சு இருக்கே. இண்டென்ட்ல நாலுதான்."

"நாலு வண்டிக்கு. ஒண்ண ஸ்டாக்ல வைங்க. எவனாவது கேட்டுகினு வருவான். இருக்குதுன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, எப்படி கீதுன்னு."

கூலியைக் கறாராக வாங்கிக்கொண்டான். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கலியமூர்த்திக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

காலி செய்யும் நாளில் கட்டிலும் பீரோவும் குட்டியானை வேனில் முன்னே போயின. பின்னால் ஃபியட். முன்சீட்டில் திலகவதி, மடியில் சாமி படம். இண்டிகேட்டர் வேலை செய்யாததால் திருப்பத்தில் எல்லாம் அவள்தான் கையை வெளியே நீட்டினாள். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டினார்கள். கலியமூர்த்தி மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகத் துணியவில்லை. காடாம்புலியூரில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. கீழே எந்தச் சத்தமும் வரவில்லை. அந்த நான்கும் அசையவில்லை.

திருவதிகை வீட்டு வாசலில் திலகவதி இறங்கினாள். சாமி படத்தைத் திண்டில் வைத்துவிட்டு கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். "வுடுங்க உள்ள" என்றாள். கலியமூர்த்தி வண்டியை உள்ளே விட்டு, எஞ்சினை நிறுத்த மறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள்தான் சாவியைத் திருப்பினாள்.

ஐந்தாவது போல்ட் நாற்பத்தேழாம் பாட்டிலுக்குப் போயிற்று. அட்டையில் 'இருப்பு: 1' என்று எழுதினார்.

இருபது நாள் கழித்து வாட்ஸ்அப் குழுவில் நாகர்கோவில்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அதே வருடத்து வண்டி. நான்கில் ஒரு போல்ட் உடைந்துவிட்டதாம், எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம், யாரிடமாவது இருக்கிறதா என்று. கலியமூர்த்தியின் விரல் அவரைக் கேட்காமலே 'இல்லை' என்று தட்டிவிட்டது. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. பாட்டிலைப் பார்த்தார். நம்முடையதே நாளைக்கு உடைந்தால்? ஒன்றுதானே இருக்கிறது? காலை முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஈரப் புடவையை ஃபியட்டின் கூரைமேல் விரித்துக்கொண்டிருந்த திலகவதி, "இன்னாங்க, வயித்து வலியா?" என்றாள்.

எழுதியதை அழித்தார். 'இருக்கு' என்று எழுதினார். அனுப்பினார். எதற்கு என்று கேட்கக் கை துறுதுறுத்தது, கேட்கவில்லை. முகவரி மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் போல்ட்டைக் கூரியரில் போட்டுவிட்டு மந்தாரக்குப்பத்துக்குப் பஸ் ஏறினார். காரில் போயிருக்கலாம், ஆனால் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் புது இண்டென்ட், மூன்று நகல், ஆபீசர் கையெழுத்தோடு. எண்ணிக்கை பத்து. பர்ப்பஸ் கட்டத்தில் 'கேட்டு வருகிறவர்களுக்கு' என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தார்.